ஊசித்திரை அசைவூட்டம்

வெள்ளைப் பலகையில் நெருக்கமாகச் செருகிய லட்சக்கணக்கான மெல்லிய ஊசிகளை முன்னும் பின்னும் தள்ளி, அவற்றின் நிழலால் உருவம் எழுப்பி, அதைச் சட்டகம் சட்டகமாகப் படமெடுக்கும் திரைப்பட நுட்பம். 1930-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாண்டர் அலெக்ஸயேஃப், கிளேர் பார்க்கர் ஆகிய இருவர் இதை உருவாக்கினர். அன்றிலிருந்து இன்றுவரை இதில் படம் எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அசைவூட்டத்தின் வரலாற்றில் இவ்வளவு சிறிய வம்சம் கொண்ட கலை வேறொன்று இருப்பது அரிது.

ஊசிகளில் மை கிடையாது, சாயமும் கிடையாது. பலகைமேல் விளக்கொளி பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும். வெளியே நீண்டிருக்கும் ஊசி பலகைமேல் நீண்ட நிழல் போடும். அருகருகே நீண்ட ஊசிகளின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். முழுக்க உள்ளே தள்ளிவிட்டால் பலகையின் வெண்மை. பாதி தள்ளினால் சாம்பல். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை உச்சிவெயிலில் பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் எழுத்துகள் நிழலாய் எழுந்து நிற்கும். ஊசித்திரையின் சூட்சுமமும் அதுவே. விளக்கை நேர் எதிரே வைத்தால் படமே இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க வைத்தது ஒரு செதுக்கோவியரின் ஏக்கம். 1901-இல் ரஷ்யாவின் கசான் நகரில் பிறந்த அலெக்ஸயேஃப், 1921-இல் பாரிஸுக்கு வந்து, முதலில் நாடக மேடைக்குத் திரைச்சீலை வரைந்தார். பிறகு நூல்களுக்குச் செதுக்கோவியம் செய்து பெயர் பெற்றார். கோகோல், தஸ்தயேவ்ஸ்கி நூல்களுக்கு அவர் செய்த படங்களில் கோடுகளைவிட மங்கலும் இருட்டும்தான் பேசும். அன்றைய கார்ட்டூன் படங்களோ தடித்த கோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. தன் ஓவியத்தின் மென்மையான சாம்பல் நிறங்கள் திரையில் அசைய வேண்டும் என்று அவர் விரும்பினார்.

கிளேர் பார்க்கர் அமெரிக்கர், 1906-இல் பிறந்தவர். அலெக்ஸயேஃபின் நூலோவியங்களால் ஈர்க்கப்பட்டு, அவரிடம் பயில 1931-இல் பாரிஸ் வந்தார். வந்தவர் மாணவியாக நிற்கவில்லை. கருவியை உருவாக்குவதில் சரிபாதிப் பங்கு அவருடையது. 1935-இல் ஊசித்திரைக்கான காப்புரிமை அவர் பெயரில்தான் பதிவானது. ஆனாலும் பல திரைப்பட நூல்களில் அலெக்ஸயேஃப் பெயர் முதலிலும், பார்க்கர் பெயர் ‘உதவி’ என்பதுபோலப் பின்னாலும் வருவது வழக்கமாகிவிட்டது. வேலை நடந்த விதத்தைப் பார்த்தாலே அது பொருந்தாது என்று புரியும். அலெக்ஸயேஃப் திரைக்கு முன்னால் நின்று ஊசிகளை உள்ளே அழுத்தி வெளிச்சத்தை வரைவார். பார்க்கர் பின்னால் நின்று ஊசிகளை வெளியே தள்ளி இருட்டை வரைவார். அவர் பக்கத்தில் எல்லாமே தலைகீழ்: இடம் வலமாகும், கறுப்பு வெளுப்பாகும். அந்தத் தலைகீழ்ப் படத்தை மனத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டே அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொடுவதில்லை. சிறு உருளைகள், கரண்டி, இன்னும் கைக்கு அகப்பட்ட சின்னச் சின்னப் பொருள்களால் கூட்டங்கூட்டமாக அழுத்துவார்கள். ஒரு படத்தைக் கேமராவில் பிடித்ததும், அதையே கொஞ்சம் மாற்றினால்தான் அடுத்த படம். மாற்றிய கணமே முந்தையது அழிந்துபோகும். அது மிஞ்சுவது படச்சுருளில் மட்டும். தாளில் வரையும் அசைவூட்டக் கலைஞர் பழைய தாளைப் புரட்டிச் சரிபார்க்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. பிசகினால் தொடக்கத்திலிருந்துதான்.

முதல் படம் 1933-இல் வந்த ‘மொட்டை மலையில் ஓர் இரவு’. முசோர்க்ஸ்கியின் இசைக்கு ஏற்ப, பேய்களும் குதிரைகளும் சூனியக்காரிகளும் உருமாறிக்கொண்டே இருக்கும். 8 நிமிடப் படம். ஒன்றரை ஆண்டு உழைப்பு. விநாடிக்கு 24 வீதம் கணக்குப் போட்டால் 11,520 சட்டகங்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விநியோகஸ்தர்கள் வாங்கவில்லை. இவ்வளவு மெதுவாகப் படமெடுத்தால் சோறு கிடைக்காது என்று தெரிந்ததும், இருவரும் விளம்பரப் படங்களுக்குத் திரும்பினர்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர்கள், அசைவூட்டக் கலைஞர் நார்மன் மக்லாரன் அழைப்பில் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்கு ‘போகிற போக்கில்’ என்ற குறும்படத்தை எடுத்தனர். 1962-இல் ஆர்சன் வெல்ஸ், காஃப்காவின் ‘விசாரணை’யைப் படமாக்கியபோது அதன் முன்னுரைக் காட்சிக்கு இவர்களை நாடினார். சட்டத்தின் வாசலில் காவல்காரன் முன் காத்துக் கிடக்கும் மனிதனின் கதை அது. அசையாத ஊசித்திரைப் படங்களுக்கு மேல் வெல்ஸின் குரல் ஓடும். ஊசித்திரையை உலகம் அதிகம் பார்த்திருப்பது அங்கேதான், அது அசையாத இடத்தில். 1963-இல் கோகோலின் ‘மூக்கு’, 1972-இல் மீண்டும் முசோர்க்ஸ்கி இசைக்கு ‘கண்காட்சியின் ஓவியங்கள்’ வந்தன. பின்னதில் பெரிய திரைக்கு முன்னால் சுழலும் சிறு திரையொன்றையும் வைத்தனர். பார்க்கர் 1981-இலும், அலெக்ஸயேஃப் 1982-இலும் காலமானார்கள்.

அவர்களோடு கலையும் போயிருக்கும். தடுத்தவர் மக்லாரன். 1950-களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ பணியாக இந்தியாவுக்கும் வந்து கற்பித்தவர் இவர். 1972-இல் 2,40,000 ஊசிகள் கொண்ட திரையொன்றை வாரியம் வாங்கியது. அலெக்ஸயேஃபும் பார்க்கரும் மாண்ட்ரியலுக்கே வந்து பட்டறை நடத்தினர். அதை மக்லாரன் ‘ஊசித்திரை’ என்ற ஆவணப்படமாக்கினார்.

அந்தத் திரையை உண்மையில் சொந்தமாக்கிக்கொண்டவர் வாரியத்தின் கலைஞர் ழாக் துரூவன். அவரது ‘நிலக்காட்சி ஓவியன்’ (1976) படத்தில் ஓவியன் ஒருவன் தான் வரையும் படத்துக்குள்ளேயே நடந்து போய்விடுவான். 1986-இல் செக் நாட்டின் பாவைப்பட இயக்குநர் பிரெட்டிஸ்லாவ் போயாருடன் சேர்ந்து பாவைகளையும் ஊசித்திரையையும் ஒரே படத்தில் கலந்தார். சுமார் முப்பதாண்டுக் காலம் அந்தக் கருவிக்கு ஏறக்குறைய அவர் ஒருவரே ஆள்.

அதே வாரியத்தில் அப்போது பணியாற்றிய குஜராத்தியர் ஈஷு படேல், ஆயிரக்கணக்கான மணிகளைக் கையால் நகர்த்தி நகர்த்தி ‘மணி விளையாட்டு’ (1977) எடுத்தார். அது ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ஊசித்திரை நிழலை நம்பியது, படேலின் மணிகள் நிறத்தை நம்பின. புள்ளி புள்ளியாக உருவம் கட்டும் பொறுமை மட்டும் இரண்டுக்கும் பொது. இந்தியத் தொடர்பு என்று சொன்னால் இந்த அண்டை உறவைத்தான் சொல்ல வேண்டும்.

கை பதித்தால் கையின் வடிவம் எழும் ஊசிப் பலகைப் பொம்மை 1980-களில் அமெரிக்கரான வார்ட் ஃபிளெமிங்கால் பரவியது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பொம்மை மேடுபள்ளத்தைக் காட்டும், ஊசித்திரைக்கோ நிழல் இல்லாமல் உருவமே இல்லை. கணினித் திரையின் படப்புள்ளிகளுக்கு இதுவே முன்னோடி என்ற பேச்சும் அடிக்கடி வரும். கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் படப்புள்ளிக்கு எண் உண்டு, ஊசிக்கு இல்லை. எந்த ஊசி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது கலைஞருக்கே தெரியாது.

துரூவனிடமிருந்து இந்தக் கலையைப் பெற்றவர் கனடாவின் நூலோவியர் மிஷேல் லெமியூ. 2012-இல் தன் முதல் ஊசித்திரைப் படத்தை வெளியிட்டார். அதே காலத்தில் பிரான்சின் தேசியத் திரைப்பட மையம், அலெக்ஸயேஃபும் பார்க்கரும் 1977-இல் செய்த ‘எபினெத்’ என்ற திரையை வாங்கிப் பழுதுபார்த்தது. 2015-இல் லெமியூவே பிரெஞ்சுக் கலைஞர்களுக்கு அதில் பயிற்சி அளித்தார். அவர்களில் ஒருவரான ஜுஸ்தீன் வூயில்ஸ்தெகேர் அதே திரையில் எடுத்த ‘தழுவல்கள்’ 2018-இல் வெளியானது.