கொன்றைப் பேரினத்தின் வகைப்பாடு

கொன்றை (காசியா) அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டலப் பூமரப் பேரினம். இன்று இதில் ஏறத்தாழ 30 இனங்களே எஞ்சியுள்ளன. பழைய நூல்களில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இதன்கீழ் வரும். பேரினம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதே காரணம்.

சரக்கொன்றை, ஆவிரை, தகரை எல்லாவற்றையும் லின்னேயஸ் 1753-இல் காசியாவுக்குள் அடக்கினார். மறு ஆண்டே பிலிப் மில்லர் சென்னாவைத் தனிப் பேரினமாக்கினார்; 1794-இல் மோயன்ச் கமேக்ரிஸ்டாவைப் பிரித்தார். ஆனால் 1871-இல் ஜார்ஜ் பெந்தம் மூன்றையும் மீண்டும் ஒரே கூரையின்கீழ்த் துணைப்பேரினங்களாக வைத்தார். அவர் சொல்லே நூறாண்டுக்கு மேல் நின்றது. இர்வினும் பார்னபியும் 1982-இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய பிரிவை நிலைநாட்டியது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் மூன்றும் வெவ்வேறு கிளைகள் என்றே காட்டின.

காசியாவையும் சென்னாவையும் பிரித்தறியப் பூவே போதும். சரக்கொன்றைப் பூ ஒன்றைக் கையில் எடுத்தால், பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மட்டும் நீண்டு, வில்லாக வளைந்து மேலெழுவது தெரியும். காசியாவின் அடையாளம் அந்த வளைவு. ஆவிரை உள்ளிட்ட சென்னாவில் தாள்கள் அவ்வாறு வளைவதில்லை. பூக்காம்பில் சிற்றடிச்செதில் என்னும் சிறு செதிலிலையும் கிடையாது. கமேக்ரிஸ்டாவையோ நெற்றைக் கொண்டு அறியலாம்: அது காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். சரக்கொன்றையின் உருளை நெற்றோ தானே வெடிக்காது. இனிப்பான சதைக்காக அதை உடைக்கும் விலங்குகளே விதை பரப்புகின்றன. கமேக்ரிஸ்டாவின் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் முடிச்சுகள் உண்டு, மற்ற இரண்டில் இல்லை. பூவைவிட ஆழமான சான்றாக இதையே கொள்ளலாம்.

பிரிவுக்குப் பின் காசியாவில் நிற்பவை பெரும்பாலும் மரங்கள்: மஞ்சள் சரமாகத் தொங்கும் சரக்கொன்றை, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செங்கொன்றை, தென்கிழக்காசியாவின் சாவகக் கொன்றை. ஆவிரை, தகரை, சீமையகத்தி, திருநெல்வேலிச் சீமையில் பயிராகும் நிலாவிரை ஆகியவை சென்னாவுக்குப் போய்விட்டன.

கொன்றையையும் ஆவிரையையும் தமிழ் தொன்றுதொட்டே இரு வேறு பெயரால் அழைத்துவந்திருக்கிறது. ஆயினும் தமிழ்ப் பெயரை மட்டும் நம்பிவிட முடியாது: சாலையோரங்களில் நடப்படும் மஞ்சள் கொன்றை பெயரில் கொன்றை, வகைப்பாட்டில் சென்னா. மூலிகை நூல்களிலும் பூங்காப் பலகைகளிலும் பழைய பெயர்கள் இன்னும் நீடிக்கின்றன. காசியா ஆரிகுலேட்டா என்று எங்கே கண்டாலும், அது இன்றைய சென்னா ஆரிகுலேட்டாவாகிய நம் ஆவிரையே என்று கொள்க.