அஜைல் மென்பொருள் உருவாக்கம்

அஜைல் மென்பொருள் உருவாக்கம் என்பது, ஒரு மென்பொருளை முழுவதுமாகத் திட்டமிட்டு ஒரே தடவையில் கட்டி முடிப்பதற்குப் பதிலாக, சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி, ஒவ்வொரு பகுதியையும் பயனர்களிடம் காட்டி, அவர்கள் கூறுவதற்கேற்ப அடுத்த பகுதியைத் தீர்மானிக்கும் மென்பொருளாக்க முறைகளின் பொதுப்பெயர் ஆகும். அஜைல் என்னும் ஆங்கிலச் சொல் சுறுசுறுப்பான, எளிதில் திரும்பக்கூடிய எனப் பொருள்படும். இங்கு அது நிரலை வேகமாக எழுதுவதைக் குறிப்பதன்று. தேவை மாறும்போது குறைந்த செலவில் திசை மாற்றிக்கொள்ளும் திறனையே குறிக்கின்றது. ஸ்க்ரம், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், கிரிஸ்டல் முதலியன இவ்வகையைச் சேர்ந்த முறைகளாகும்.

இம்முறைகளைப் புதிதாகக் கற்கும் குழுக்களிடையே ஏறத்தாழ ஒரே வகையான ஐயங்கள் எழுகின்றன. அவற்றுள் பல, "அதைவிட இது முதன்மையானது" என்னும் கருத்தை "அது தேவையே இல்லை" எனப் பொருள்கொள்வதால் எழுபவை.

வரலாறு

1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தேவைகளைத் திரட்டல், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிநிலைகள் விளக்கப்பட்டன. சோதனை கடைசியில் வருவதால் இவ்வமைப்பு ஆபத்தானது என்று அவரே அக்கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார். ஆயினும் அப்படிநிலைகள் பின்னர் அருவி மாதிரி என்னும் பெயரில் பரவலாகப் பின்பற்றப்பட்டன.

1990களில் இதற்கு மாற்றான முறைகள் தோன்றின. ஜெஃப் சதர்லேண்ட், கென் ஷ்வேபர் ஆகியோர் 1995இல் ஸ்க்ரம் முறையை ஒரு மாநாட்டில் அறிமுகம் செய்தனர். கென்ட் பெக், 1996 முதல் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருள் திட்டத்தில் கிடைத்த பட்டறிவைக் கொண்டு எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையை வகுத்து, 1999இல் அதனை நூலாக வெளியிட்டார்.

2001 பெப்ரவரி மாதம் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்ட் என்னுமிடத்தில் 17 மென்பொருளாளர்கள் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை உருவாக்கினர். இது 4 விழுமியங்களையும் 12 கோட்பாடுகளையும் கொண்டது. செயல்முறை, ஆவணம், ஒப்பந்தம், திட்டம் ஆகியவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால் முறையே மனிதர்கள், இயங்கும் மென்பொருள், வாடிக்கையாளருடன் இணைந்து உழைத்தல், மாற்றத்துக்கு இடங்கொடுத்தல் ஆகியவை அவற்றினும் மேலானவை என்பது அவ்விழுமியங்களின் சாரம் ஆகும்.

பரவலாக எழும் வினாக்கள்

திட்டமிடல் தேவையில்லையா?

திட்டமிடல் இம்முறைகளில் கைவிடப்படுவதில்லை, அடிக்கடி செய்யப்படுகின்றது. ஸ்க்ரம் முறையில் பணி ஸ்பிரின்ட் எனப்படும் குறுகிய காலப்பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு ஸ்பிரின்ட் ஒரு மாதத்தை மிஞ்சலாகாது. இரண்டு வாரம் என வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஒரு மாத ஸ்பிரின்டின் தொடக்கத்தில் திட்டமிடலுக்கு 8 மணி நேரம் வரை ஒதுக்கலாம். அண்மையில் செய்யவேண்டிய பணிகள் விரிவாகவும், தொலைவில் உள்ளவை மேலோட்டமாகவும் திட்டமிடப்படுகின்றன. தொலைவிலுள்ளவை மாறக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

ஆவணங்கள் எழுதவேண்டியதில்லையா?

ஓர் ஆவணத்தைப் பின்னர் படிக்கப்போகிறவர் இருந்தால் அது எழுதப்படவேண்டும். பயனர் கையேடு, பராமரிப்புக் குறிப்புகள் போன்றவை இவ்வகையின. மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருள் போன்று சட்டம் ஆவணங்களைக் கோரும் துறைகளில் அவற்றைத் தவிர்க்கவும் இயலாது. தவிர்க்கப்படுவது, எவரும் பயன்படுத்தாத, நிரல் மாறியபின் பொய்த்துப்போகும் ஆவணமே ஆகும். தானியங்கிச் சோதனைகள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இயக்கப்படுவதால், நிரல் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதற்கான ஆவணமாகவும் ஓரளவு பயன்படுகின்றன.

பணியை எவ்வாறு பிரிப்பது?

புதிய குழுக்கள் பெரும்பாலும் பணியைத் தொழில்நுட்ப அடுக்குகளாகப் பிரிக்கின்றன. எடுத்துக்காட்டாக, தொடர்வண்டிப் பயணச்சீட்டு முன்பதிவு மென்பொருள் ஒன்றில் முதலில் தரவுத்தளம், அடுத்து வழங்கி நிரல், கடைசியில் திரை எனப் பிரித்தால், மூன்றும் முடியும்வரை பயனருக்குக் காட்ட எதுவும் இராது. மாறாக, ஒரே ஒரு வண்டியில் ஒரு பயணி ஓர் இருக்கையைப் பதிவு செய்தல் என்பதை முதற்பகுதியாகக் கொள்ளலாம். இது மூன்று அடுக்குகளையும் சிறிதளவு தொட்டுச் செல்லும். பின்னர் பதிவை நீக்குதல், காத்திருப்போர் பட்டியல், குழுப்பதிவு என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பயனரின் நோக்கில் சுருக்கமாக எழுதப்படும் இத்தகைய பகுதிகள் பயனர் கதைகள் எனப்படுகின்றன.

எப்போது முடியும் என்று எவ்வாறு கூறுவது?

பல குழுக்கள் ஒவ்வொரு கதைக்கும் அதன் கடினத்துக்கு ஏற்பக் கதைப் புள்ளிகள் வழங்குகின்றன. இதற்கு ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் விவரித்த பிளானிங் போக்கர் என்னும் முறை பயன்படுகின்றது. அனைவரும் தத்தம் மதிப்பீட்டு அட்டையை ஒரே நேரத்தில் காட்டுவதால், ஒருவர் கூறிய எண் மற்றவரைப் பாதிப்பதில்லை. ஒருவர் 2 எனவும் மற்றவர் 13 எனவும் காட்டினால், ஒருவருக்குத் தெரிந்த சிக்கல் மற்றவருக்குத் தெரியவில்லை அல்லது இருவரும் கதையை வெவ்வேறாகப் புரிந்துகொண்டுள்ளனர் எனலாம். அதைத் தொடரும் உரையாடலே இம்முறையின் முதன்மைப் பயன்.

ஒரு குழு கடந்த மூன்று ஸ்பிரின்டுகளில் 18, 22, 20 புள்ளிகளை முடித்திருந்தால் அதன் சராசரி 20 ஆகும். எஞ்சியவை 120 புள்ளிகள் எனில், மேலும் 6 ஸ்பிரின்டுகள், அதாவது இரண்டு வார ஸ்பிரின்ட் எனின் 12 வாரங்கள் தேவைப்படலாம். இது முன்கணிப்பே, உறுதிமொழி அன்று. புள்ளி என்பது ஒவ்வொரு குழுவுக்கும் தனியான அளவு என்பதால் இரு குழுக்களை அதைக்கொண்டு ஒப்பிட இயலாது. புள்ளிகளை இலக்காக விதித்தால், வேலை கூடாமலேயே எண்கள் மட்டும் பெருகும். கதைப் புள்ளிகளின் தோற்றத்தில் பங்குகொண்டவராகக் கருதப்படும் ரான் ஜெஃப்ரீஸ், அவை தவறாகப் பயன்படுவது குறித்து 2019இல் வருத்தம் தெரிவித்து எழுதினார்.

ஸ்பிரின்ட் முடிவில் பணி எஞ்சினால்?

ஸ்பிரின்டின் காலம் நீட்டிக்கப்படுவதில்லை. முடியாத பணி பணிப்பட்டியலுக்குத் திரும்புகின்றது. "90 விழுக்காடு முடிந்தது" என்னும் கணக்கு ஏற்கப்படுவதில்லை; எஞ்சிய 10 விழுக்காட்டிலேயே சோதனையும் பிழைதிருத்தமும் மறைந்திருக்கக்கூடும். ஆகவே, எதை முடிந்தது எனக் கொள்வது என்பதைக் குழு முன்னரே வரையறுத்துக்கொள்ளவேண்டும்.

சோதனையைக் கைவிட்டுக் கெடுவுக்குள் முடிப்பது கடன் வாங்குவதற்கு ஒப்பானது. வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் பயன்படுத்திய கடன் உவமையிலிருந்தே தொழில்நுட்பக் கடன் என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. சீரமைக்கப்படாத நிரலில் பின்னர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் கூடுதல் நேரமே அக்கடனுக்கான வட்டி ஆகும். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில், ஸ்பிரின்டுக்கு எடுத்துக்கொள்ளும் பணிகளைக் குறித்த உறுதிமொழி என்னும் சொல் முன்கணிப்பு என மாற்றப்பட்டது.

அன்றாடக் கூட்டம் யாருக்காக?

15 நிமிடங்களுக்கு மேற்படாத அன்றாடக் கூட்டம், மேலாளரிடம் கணக்கு ஒப்புவிப்பதற்கானது அன்று. உருவாக்குநர்கள் அன்றைய பணியைத் தமக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்வதே அதன் நோக்கம். நேற்று செய்தது, இன்று செய்யவிருப்பது, இடையூறு ஆகிய மூன்று வினாக்கள் முன்பு ஸ்க்ரம் வழிகாட்டியில் இடம்பெற்றிருந்தன. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை நீக்கப்பட்டன. மேலாளரின் முன்னிலையில் கூட்டம் அறிக்கையாக மாறும்போது இடையூறுகள் மறைக்கப்படுகின்றன. மறைக்கப்பட்ட இடையூறு பிந்தியே வெளிவரும், அப்போது அதைத் தீர்க்கும் செலவும் கூடியிருக்கும்.

விலை முன்னரே உறுதி செய்யப்பட்டிருந்தால்?

காலமும் விலையும் நிலையாக இருக்கும்போது பணியின் அளவை மாற்றத்தக்கதாக வைத்துக்கொள்வது வழக்கம். முதன்மையான கதைகள் முதலில் முடிக்கப்படுவதால், காலம் போதாவிடின் விடுபடுபவை முதன்மை குறைந்தவையாக இருக்கும். புதிய தேவை ஒன்று சேரும்போது அதே அளவுள்ள வேறொன்றை நீக்க ஒப்பந்தம் இடந்தரவேண்டும். காலம், விலை, அளவு ஆகிய மூன்றும் நிலையாக்கப்பட்ட ஒப்பந்தத்தில் எஞ்சி மாறக்கூடியது தரம் ஒன்றே ஆகும்.

விமர்சனங்கள்

கொள்கை அறிக்கையில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவரான டேவ் தாமஸ், அஜைல் என்னும் சொல் விற்பனைப் பொருளாகிவிட்டது என 2014இல் எழுதினார். கூட்டங்களும் பெயர்களும் மட்டும் பின்பற்றப்பட்டு, அவற்றின் நோக்கம் மறக்கப்படுகின்றது என்பது பரவலான குறைபாடு. நாள்தோறும் கூட்டம் நடத்தியும், உருவாக்கிய மென்பொருளை ஆறு மாதமாக எந்தப் பயனரிடமும் காட்டாத ஒரு குழு, இம்முறையின் செலவை ஏற்றுப் பயனை இழக்கின்றது. மாறாக, சடங்குகள் குறைவாக இருப்பினும், இரண்டு வாரத்துக்கொருமுறை பயனரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் குழு, தன் தவறுகளை அவை சிறியனவாக இருக்கும்போதே அறிந்துகொள்கின்றது.