இசிஜி பிறழ்வுகள்

இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும் இசிஜி தாளில், இயல்பிலிருந்து விலகித் தெரியும் அலைகளும் இடைவெளிகளும் இசிஜி பிறழ்வுகள் எனப்படுகின்றன. ஒரே பிறழ்வுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். நோயாளியின் நாடி, வலி, உட்கொண்ட மருந்து ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்த மருத்துவர்களால்தான் இப்பிறழ்வுகள் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன.

மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலைத் திறக்காமல் முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர் (லண்டன், 1887). மருத்துவமனையில் இதற்குப் பெரிய பயன் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் அந்த நிலையை மாற்றினார். வலிய காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைத் தொங்கவிட்டு, அதன் அசைவைப் படம்பிடித்தார். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும். அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவரே. 1906இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதய அடைப்பு (மின்துடிப்பு கடத்தப்படாமல் தடைபடுதல்), இடைத்துடிப்பு, அறைத் தடிப்பு எனப் பல பிறழ்வுகள் வரிசையாக இடம்பெற்றன. 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

தாறுமாறாக ஓடும் நாடியை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள், காரணம்தான் பிடிபடவில்லை. 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் அத்தகைய நோயாளிகளின் பதிவுகளில் பி அலையே இல்லாததையும், அந்த இடத்தில் நுண்ணிய நடுக்க அலைகள் ஓடுவதையும் கண்டார். இதய மேலறைகள் சுருங்காமல் துடிதுடிக்கின்றன என்பது அவர் முடிவு. இதே நாடியுள்ள குதிரையின் மார்பைத் திறந்து, அந்தத் துடிதுடிப்பை நேரிலும் பார்த்தார். வியன்னாவில் ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும் அதே ஆண்டில் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தனர். வாதக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வு, உயர் ரத்த அழுத்தம், மிகையான தைராய்டு சுரப்பு, மது, முதுமை ஆகியவை மேலறைத் துடிதுடிப்பின் முக்கியக் காரணங்கள்.

மாரடைப்பின் அடையாளம் 1920இல் தெளிவானது. நியூயார்க்கின் ஹரோல்டு பார்டி, ரத்தக்குழாய் அடைபட்ட நோயாளியின் பதிவில் ஆர் அலை அடிக்கோட்டுக்கு இறங்கும் முன்பே டி அலை தொடங்கிவிடுவதைக் கவனித்தார். இன்று எஸ்டி ஏற்றம் என்று அவசரப் பிரிவுகளில் தேடப்படுவது இதுதான். நெஞ்சில் மின்முனை வைக்கும் முறையை மிச்சிகனில் பிராங்க் வில்சன் வளர்த்தெடுத்தார். இமானுவேல் கோல்ட்பெர்கர் 1942இல் மூன்று லீடுகளை, அதாவது இதயத்தைப் பதிவு செய்யும் கோணங்களை, சேர்த்தபின் 12 லீடு இசிஜி முழுமை பெற்றது. இதயச் சுவரின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது என்பதை ஊகிக்க இதனால் வழி பிறந்தது. இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் ஏற்றம் தெரிந்தால் கீழ்ச்சுவர். அடைபட்டது பெரும்பாலும் வலது கரோனரி நாளம்.

ஆனால் எஸ்டி ஏற்றம் எல்லாமே மாரடைப்பு ஆகாது. இதய உறை அழற்சியில் அது ஏறக்குறைய எல்லா லீடுகளிலும் பரவலாகத் தெரியும். நலமான இளைஞர்கள் சிலரிடமும் உண்டு. 1992இல் பெட்ரோ, ஜோசப் புருகாடா சகோதரர்கள் விவரித்த பரம்பரைக் குறைபாட்டிலும் வலப்பக்க நெஞ்சு லீடுகளில் ஏற்றம் தெரியும். உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது அது. மறுபுறம், மாரடைப்பு வந்தவரின் முதல் பதிவு இயல்பாகவே இருக்கலாம். வலி நீடித்தால் சிறிது நேரத்தில் மறுபடியும் எடுத்தே தீரவேண்டும்.

ரத்தமும் மருந்தும் நஞ்சும்கூடத் தாளில் தெரியும். சிறுநீரகம் செயலிழந்து பொட்டாசியம் கூடினால் டி அலை கூர்மையாக உயரும், பி அலை தட்டையாகும், கியூஆர்எஸ் அகலும். உடனே கவனிக்காவிட்டால் இதயம் நின்றுவிடும். சில மருந்துகள், கியூ அலையின் தொடக்கம் முதல் டி அலையின் முடிவு வரையான கியூடி இடைவெளியை நீட்டி, அலைகள் முறுக்கிக்கொண்டு ஓடும் ஆபத்தான துடிப்பை உண்டாக்கும்; இதை 1966இல் பிரான்ஸின் டெசர்டென் விவரித்தார். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மருத்துவர்கள் நன்கறிந்த மஞ்சள் அலரி நஞ்சு, டிஜாக்சின் என்ற இதய மருந்தைப் போலவே வேலை செய்து, துடிப்பைக் குறைத்து இதய அடைப்பை ஏற்படுத்துகிறது.

நோயே இல்லாமலும் தாள் ஏமாற்றும். உடல் நடுக்கம் மேலறைத் துடிதுடிப்பைப் போலப் பதியும். இரு கைகளின் கம்பிகளும் இடம் மாறினால் முதல் லீடின் அலைகள் தலைகீழாகும். இதயம் வலப்பக்கம் அமைந்தவருக்கும் அப்படியே இருக்கும். நெஞ்சு லீடுகளில் ஆர் அலை வழக்கம்போல் படிப்படியாக உயர்ந்திருந்தால், மாறியது கம்பிதான்.