குளிர் மருந்தான கதை

பச்சிளம் குழந்தைக்குக் குளிர் ஆகாது என்பது செவிலியர் பாலபாடம். மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளை 1950களில் சுவீடன் மருத்துவர் வெஸ்டின் குளிர்நீரில் அமிழ்த்திய முயற்சி நிலைக்காததில் வியப்பில்லை. கதகதப்பு குறைமாதக் குழந்தைகளின் உயிர் காக்கிறது என்று 1958இல் மருத்துவர் சில்வர்மேன் காட்டிவிட்டார். ஆனால் மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளுக்கு, 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு குளிரை மீட்டது: பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடல்வெப்பம் 33.5 டிகிரி. முதுகுத்தோல் சிவந்து இறுகுகிறதா என்று புரட்டிப் பார்ப்பதும், பிறகு மணிக்கு அரை டிகிரியாகச் சூடேற்றுவதும் செவிலியர் கையில்.

ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வில் (2021) குளிர்விக்கப்பட்ட குழந்தைகளே கூடுதலாக இறந்தன. பராமரிப்புக் குறைதான் காரணம் என்று சிலர் வாதிடலாம். ஆயினும் ஆய்வு நடந்த இடங்கள் பெரிய மருத்துவமனைகள். வெப்பத்தைச் சீராக வைத்தது தானியங்கிக் கருவி. எனவே இங்கே முதலீடு குளிர்விக்கும் கருவியில் அல்ல, பிரசவ அறையிலும், வலிப்பையும் ரத்தச் சர்க்கரையையும் கண்கொட்டாமல் கவனிக்கும் செவிலியர் எண்ணிக்கையிலும்தான் வேண்டும்.