பெரிய பயணிகள் வானூர்திகளின் அளவு ஒப்பீடு
மிகப்பெரிய பயணிகள் வானூர்தி எது என்பது ஒப்பிடும் அளவையைப் பொறுத்தது. 2007 இல் சேவைக்கு வந்த, இரு முழு அடுக்குகள் கொண்ட ஏர்பஸ் ஏ380 இன் நீளம் 72.7 மீட்டர், உயரம் 24.1 மீட்டர், இறக்கை நுனிகளுக்கு இடையேயான அகலம் 79.8 மீட்டர் ஆகும். போயிங் 747-8 இல் இவை முறையே 76.3, 19.4, 68.4 மீட்டர் ஆகும். எனவே நீளத்தில் 747-8 உம், உயரத்திலும் இறக்கை அகலத்திலும் ஏ380 உம் பெரியவை.

வானூர்தி நிலையங்களின் நிறுத்துமிடங்கள் இறக்கை அகலத்தைக் கருத்திற்கொண்டே அமைக்கப்படுகின்றன. பன்னாட்டு வகைப்பாட்டின் மிகப்பெரிய பிரிவான 'எஃப்' பிரிவில் இவ்வகலம் 80 மீட்டருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இதனாலேயே ஏ380 இன் இறக்கை அவ்வெல்லைக்குள் அடக்கப்பட்டது. இறக்கை மேலும் நீண்டிருப்பின் காற்றின் இழுவை குறைந்து எரிபொருள் மிச்சமாகியிருக்கும். ஏ380 இன் உற்பத்தி 2021 இலும், 747 இன் உற்பத்தி 2022 இலும் முடிவுற்றன.