விலக்கில் இறங்கிய பின்: அணுகல்தன்மை விதிகளில் விடுபட்ட சாலை

மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகள், 2017இன் 15ஆம் விதியைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: அவ்விதியின் குறை அதன் தொனி. கட்டளையாக நிற்க வேண்டியது பரிந்துரையாக நின்றுவிட்டது. தொனியை மாற்றினால் குறை தீரும். ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பு இந்த வாசிப்புக்கு வலுச் சேர்த்தது. விதி 15(1) தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்த நீதிமன்றம், கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. அம்முடிவில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில் நின்று அவ்விதியைப் படித்தால், தொனிக்கும் முந்திய ஒரு குறை கண்ணில் படுகிறது. அதில் சாலை இல்லை.

2017 ஜூன் 15 அன்று வெளியான வடிவத்தில் விதி 15(1) மூன்றைப் பேசியது. பொதுக் கட்டடங்களுக்கு 2016ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வழிகாட்டுதல்கள். போக்குவரத்துக்குப் பேருந்து உடற்கட்டு நெறி. தகவல் தொடர்புக்கு இணையதளத் தரம். கட்டடம், பேருந்து, இணையம். கட்டடத்திலிருந்து பேருந்து வரை ஒருவர் எப்படி வந்து சேர்வார் என்பதற்கு இம்மூன்றில் எதுவும் விடை சொல்லவில்லை. இத்தனைக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 41(1)(இ) அணுகத்தக்க சாலைகளைத் தனியே பெயர் சொல்லிக் கேட்கிறது. பிரிவு 40 இன்னும் தெளிவாக, தரநிலைகள் நகர்ப்புறம், ஊரகம் இரண்டுக்கும் உரியவை என்கிறது.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். அந்த வழிகாட்டுதல்களில் நடைபாதையும் சாலைக் கடப்பும் இடம்பெறுகின்றனவே, அவற்றின் வழியாகச் சாலையும் விதிக்குள் வந்துவிடாதா? இது எளிதில் ஒதுக்கத்தக்க மறுப்பன்று. எனினும் விதி அவ்வழிகாட்டுதல்களை முழுமையாக ஏற்கவில்லை; பொதுக் கட்டடத்துக்கான தரம் என்ற அளவிலேயே ஏற்றது. பொதுக் கட்டடம் எது என்பதைப் பிரிவு 2(w) வரையறுக்கிறது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம், ரயில் நடைமேடை, பேருந்து நிலையம் எல்லாம் அந்த நீண்ட பட்டியலில் உண்டு, சாலை இல்லை. சட்டத்தின் அமலாக்கப் பிடியும் இந்த வரையறையின் மேல்தான் நிற்கிறது. விதிக்கு ஒவ்வாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியோ பணி நிறைவுச் சான்றோ கூடாது என்கிறது பிரிவு 44. இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் சீராக்கச் சொல்கிறது பிரிவு 45. ஊர்ச்சாலைக்குக் கட்டட அனுமதியும் கிடையாது, நிறைவுச் சான்றும் கிடையாது. ஆகவே சாலை பற்றிய உட்பிரிவு, பற்றிக்கொள்ளக் கொழுகொம்பில்லாத கொடியாக நிற்கிறது. பின்னர் வந்த திருத்தங்கள் துறைதுறையாக வழிகாட்டுதல்களைச் சேர்த்தன. பிரிவுகள் 44, 45இன் பிடியை அவை சாலைக்கு நீட்டவில்லை. ஒரு விதித் திருத்தத்தால் அதைச் செய்யவும் இயலாது.

வழக்கின் தொடக்கத்தை நினைவூட்டுவது இங்கே பொருந்தும். பார்வையற்றவரான மனுதாரர் 2005இல் நீதிமன்றத்தை அணுகியபோது குறிப்பாகக் கேட்டவை, சாலைகளுக்கும் போக்குவரத்து வசதிகளுக்கும் பாதுகாப்பான அணுகல். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வாதத்தின் நடுவே நின்றது வழிகாட்டுதல்களின் கட்டாயத்தன்மை. விதியின் சொல்லாட்சியே நீதிமன்றத்தின் முன்னிருந்ததால் அது இயல்பு என்று கொள்ளலாம். அறிஞர்களும் அதோடு நின்றுவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெருஞ்சாலையிலிருந்து ஊர்ச்சாலை பிரியும் முனையை இந்த வட்டாரத்தில் ‘விலக்கு’ என்பார்கள். பேருந்து உள்ளே வராத ஊர்களுக்கு அதுவே நிறுத்தம். காலிப்பர் அணிந்தவரோ மூன்று சக்கர வண்டியில் வருபவரோ மருத்துவமனைச் சாய்தளத்தின் 1:12 சரிவைத் தொடுவதற்கு முன் ஊரிலிருந்து விலக்கு வரை வந்தாக வேண்டும். அந்த வழியில் நடைபாதையும் இல்லை, கர்ப் கல்லும் இல்லை. கர்ப் இல்லாத இடத்தில் கர்ப் சாய்தளத்துக்கான அளவு எதற்குப் பயன்படும்?

ஊர்ச்சாலையில் இடமில்லை என்பது வழக்கமான பதில். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஊரகச் சாலைக் கையேடு (2002), சமவெளியில் சாலையின் மொத்த அகலத்தை 7.5 மீட்டராகவும் தார்ப்பரப்பை 3.75 மீட்டராகவும் வகுக்கிறது. இருபுறமும் தலா எஞ்சுவது 1.875 மீட்டர். அதே அமைப்பு நகரத் தெருக்களின் நடைபாதைக்கு 2012இல் சொன்ன குறைந்த அளவு 1.8 மீட்டர். போக்குவரத்து குறைந்த சாலையில் 6 மீட்டருக்கு 3 மீட்டர் தார் என்றாலும் பக்கத்துக்கு 1.5 மீட்டர் மிஞ்சும். சக்கர நாற்காலிக்கு அது போதும். நடப்பவருக்கு உரிய இடம் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர்தான் வேறு: பெர்ம். அதை வண்டி ஒதுங்கும் மண்ணாக மட்டும் கருதுவதால் அதன் பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதன்மேல் சீமைக் கருவேல் படர்கிறது. தார் மேல் தார் போடப்போட விளிம்பின் இறக்கமும் கூடுகிறது.

மண்ணும் இதில் ஒரு தரப்பு. கரிசலிலுள்ள மான்ட்மோரிலோனைட் களி நீரில் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். அடித்தளம் சரியில்லையென்றால் அதன்மேல் போட்ட சாய்தளம் கட்டடத்திலிருந்து பிளந்து விலகும். பதித்த கல் எழும்பும். சரிவின் அளவு மட்டும் தரமாகாது என்பதற்குக் கரிசலுக்கு வெளியிலும் சான்றுண்டு: சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென 2022 நவம்பர் 27இல் திறந்த மரப்பாதை இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் சிதைந்தது. கரிசலுக்கான மருந்தைப் பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்: சுண்ணாம்பு கலந்து இறுக்குவது, வீங்காத சரளையைப் பரப்புவது. தார்ப்பரப்பின் அடியில் செய்வதை நடப்பவர் காலடியில் மறுக்கக் காரணமில்லை.

ஊரில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்கள், தரநிலை எதற்கு என்பாரும் உண்டு. உரிமையைப் பற்றிய கேள்விக்கு அது விடையாகாது. செலவு பற்றிய வாதத்தை, பெர்மைப் பராமரிப்பு மதிப்பீட்டில் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு கேட்கலாம்.

இவ்வாசிப்பு ஒரு வட்டாரத்தை வைத்துச் செய்தது. மலைச்சாலைக்கும் கடற்கரைக்கும் இதே அளவுகள் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிய கட்டாய விதிகள் சாலையைத் தனித் தலைப்பாக ஏற்க வேண்டும், பெர்மை நடைவழியாகப் பெயரிட வேண்டும், ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியலை அதன் அளவீட்டோடு பிணைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கரிசலில் அந்த அளவீட்டை ஆண்டுக்கு இருமுறை எடுக்க வேண்டியிருக்கும்: ஊன்றுகோல் முனை இறங்கும் அளவுக்கு மண் வெடித்திருக்கும் சித்திரையில் ஒருமுறை, சக்கரம் புதையும் ஐப்பசியில் ஒருமுறை.