பொய்யின் உடையில் வந்த மெய்

பண்ருட்டியை ஒட்டியிருக்கும் திருவதிகை அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. சிவன் முப்புரம் என்னும் மூன்று கோட்டைகளை எரித்த இடம் என்பது ஐதிகம். அந்தப் போருக்குப் பூமியே தேர். சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், மேருமலை வில். இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு, கடைசியில் சிரித்தே எரித்தாராம்! எரிந்தவை கோட்டைகளே அல்ல, ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள்தான் என்று அடித்துச் சொன்னவர் திருமூலர். கோட்டை என்று நம்பியவர்களை அவர் மூடர் என்றே ஏசுகிறார்.

குணத்துக்குக் கைகால் முளைக்கவைத்துக் கதை சொல்லும் இந்த உத்தி நம்மிடம் பெரும்பாலும் செய்யுளிலேயே வளர்ந்தது. உருதுவின் தக்கணக் கிளையிலோ 1635லேயே உரைநடைக்கு வந்துவிட்டது. கோல்கொண்டா அரசவையில் முல்லா வஜ்ஹி எழுதிய ‘சப்ரஸ்’ நூலில் அறிவு ஓர் அரசன், உள்ளம் அவன் மகன், அழகு ஓர் இளவரசி.

அதைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தவர் முகம்மது உசேன் ஆசாத். இவருடைய தந்தை மௌல்வி முகம்மது பாகர், டில்லியில் உருதுப் பத்திரிகை நடத்தியவர்; 1857 கிளர்ச்சியை ஒட்டி ஆங்கிலேயர் அவரைக் கொன்றார்கள். தன் ஆசான் ஜவ்க்கின் கவிதைகளைச் சுமந்துகொண்டு டில்லியை விட்டு ஓடிய மகன், பிற்பாடு லாகூர் அரசுக் கல்லூரியில் அதே ஆங்கிலேயரிடம் சம்பளம் வாங்கினார். 1880ல் வெளிவந்த ‘நைரங்கே கயால்’ நூலின் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரையாளர்களான ஜான்சன், அடிசன் ஆகியோரைத் தழுவியவை. ஒன்றில் மெய், வானுலக அரசனின் மகளாக மண்ணுக்கு இறங்குகிறாள். பொய்யோடு நேருக்கு நேர் மோதுகிறாள். மக்கள் அவளைச் சேர்த்துக்கொள்வதாக இல்லை. பிறகு பொய் உடுத்துவது போன்ற வண்ண உடை அவளுக்கும் உடுத்தப்படுகிறது. அப்போதுதான் கதவுகள் திறக்கின்றன. மூலம் ஜான்சனுடையதுதான். ஆனால், பத்திரிகை ஆசிரியரான தகப்பனைப் பறிகொடுத்தவன் கையில் அந்தக் கதை வேறு கனம் பெற்றுவிடுகிறது.

தமிழில் இதற்கு ஈடாக நான் வைப்பது பாரதியின் ‘ஞானரத’த்தை. அதில் மனம் தனி ஆளாக நின்று பாரதியோடு வாதாடுகிறது. கவலையற்ற உபசாந்தி உலகத்துக்குப் போகலாம் என்றால், அங்கே போனால் தான் மாய்ந்துவிடும் என்று மறுக்கிறது. தழுவல் வாடை சிறிதும் இல்லாத எழுத்து. ஆசாத்தைவிட பாரதி ஒரு படி மேல் என்பேன். பாரதியும் ஆங்கிலேயருக்குத் தப்பி, 1908ல் புதுச்சேரிக்குப் போனவர்தான்.

ஆசாத் இறந்தது 1910 ஜனவரியில். ‘ஞானரதம்’ நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.